சுவருக்கு இரு புறம்

“சுவருக்கும் காது உண்டு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நகரத்துச் சுவருக்குக் காது மட்டுமன்று, கண்ணும் உண்டு என்பதைப் புனேக்குப் படிக்க வந்த பின்னரே நான் அறிந்தேன்.

கட்கியில் என் அக்காளும் அத்தானும் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியில் நான் தங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சிறு கொல்லை. அதில் ஒரு துணி துவைக்கும் கல், ஒரு கறிவேப்பிலைச் செடி, துணி காயப் போடும் கொடி. எல்லையில் ஐந்தடி உயரமுள்ள பழைய செங்கற்சுவர். சுவருக்கு அப்பால் ஒரு மராட்டிய மூதாட்டியாரின் வீடு. அவரைத் தெருவே ‘ஆஜி’ என்று அழைக்கும். நாமும் அப்படியே அழைப்போம். ஆஜியின் வீட்டுத் தாழ்வாரம் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்ந்தது. அங்கே சில பையன்களுக்கு அறை வாடகைக்கு விடப்பட்டபோதுதான் தொல்லை தொடங்கிற்று. அவர்கள் தீயவர்கள் அல்லர். ஆயினும் தாழ்வாரத்தில் நின்றால் எங்கள் கொல்லை கண்ணில் படாமல் இராது. அக்காள் துணி உலர்த்துவதையே இரவுக்கு ஒத்திப் போட்டாள்.

“இரண்டடி உயரத்துக்குப் பலகை அடித்து விடலாமே!” என்று யோசனை சொன்னவன் நான்தான். தச்சர் ஒருவர் வந்தார். சுவரின் மேல் மூன்று வரிசைக் கல்லில் துளை போட்டு, மரச்சட்டங்களை ஆணி கொண்டு முடுக்கி, அவற்றில் இடைவெளி இல்லாமல் பலகை அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகவே இருந்தது. பதினெட்டு நாள் நின்றது. மே மாதக் கடைசியில், மராட்டியர் ‘வளீவ்’ என்று சொல்லும் கோடை இடிமழை ஒரு மாலை வீசி அடித்தது. பலகை மறைப்பு முழுவதும், தன்னைப் பிடித்திருந்த மூன்று வரிசைக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு, ஆஜியின் முற்றத்தில் சாய்ந்தது. வடகம் காயவைத்த பாயை எடுத்துக்கொண்டு ஆஜி உள்ளே சென்று ஒரு நிமிடமும் ஆகவில்லை.

அவர் எங்களை ஏசவில்லை. மறுநாள் காலையில் என்னை அழைத்து, பாய் கிடந்த இடத்தையும் கல் விழுந்த இடத்தையும் காட்டினார். “பாளா, நீ உன் பக்கத்தை மட்டும் பார்த்துக் கட்டினாய்” என்றார். அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கவும், விவரம் அறிந்த கொத்தர்களையும் தச்சர்களையும் கேட்கவும் தொடங்கினேன். அறிந்ததை நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மிற் பலர் வாடகை வீடுகளில் வாழ்கிறோம். நாளை சொந்த வீடு கட்டுவோம். சுவர் எல்லார்க்கும் உண்டு.

காற்று செய்யும் கணக்கு

பலகை கனமானது, அந்தக் கனத்தால் சுவர் விழுந்தது என்று பலரும் நினைத்தார்கள். அது சரியன்று. ஓர் அங்குலப் பலகையின் எடை செங்கற்சுவருக்கு ஒரு பொருட்டே அல்ல. சுவரைத் தள்ளுவது காற்று.

காற்று ஒரு பரப்பின் மீது மோதும்போது தரும் அழுத்தம், அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நம் நாட்டுப் பொறியாளர்கள் கையாளும் இந்தியத் தர விதியின் காற்று வரைபடத்தில் புனேக்குக் குறித்துள்ள அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். அது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் கொள்ளப்படும் வேகம். வீடுகளின் நடுவே, தரையை ஒட்டிய சுவரில் அது குறையும். ஆகவே விளக்கத்துக்காக நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் மீது ஏறத்தாழ 55 கிலோ எடைக்கு ஈடான விசை அழுத்தும். மனிதர் ஒருவர் தம் முழு எடையையும் கொண்டு சாய்வது போன்றது அது.

இனி சுவரைப் பார்ப்போம். ஒன்பது அங்குலத் தடிப்பும் ஐந்தடி உயரமும் உள்ள செங்கற்சுவரில் ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏறக்குறைய 655 கிலோ. காற்று தள்ளும்போது இச்சுவர் தன் அடியின் ஓர் ஓரத்தை அச்சாகக் கொண்டு கவிழ முயலும். அதைத் தடுப்பது அதன் எடை; ஆனால் அந்த எடை செயற்படும் நெம்பு தூரம் தடிப்பில் பாதிதான், அதாவது 11.5 சென்டிமீட்டர். எடையை நெம்பு தூரத்தால் பெருக்கினால் 75 என்று வரும். இதுவே சுவரின் தாங்கும் வலிமை என்க.

கவிழ்க்கும் பக்கத்தில் என்ன நிற்கிறது? ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். அதன் மீது காற்றின் விசை 82 கிலோ. அது சுவரின் நடு உயரத்தில், முக்கால் மீட்டரில் செயற்படுகிறது. பெருக்கினால் 62. எழுபத்தைந்துக்கு அறுபத்திரண்டு, சுவர் நிற்கும்.

இப்போது மேலே இரண்டடிப் பலகை சேர்ப்போம். உயரம் 2.1 மீட்டர் ஆகிறது. பரப்பும் கூடுகிறது; அந்த விசை செயற்படும் உயரமும் கூடுகிறது. ஆகவே கவிழ்க்கும் திறன் உயரத்தின் இருமடியாக வளர்கிறது. கணக்கிட்டால் 121 வரும். உயரத்தை ஐந்திலிருந்து ஏழாக்கினோம். சுவரைக் கவிழ்க்கும் திறனோ இரட்டித்து விட்டது. தாங்கும் திறன் அதே 75தான்.

காரைப் பிடிப்பும் கடைக்காலும் தரும் உதவியை நான் சேர்க்கவில்லை என்பது உண்மையே. வடிவத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டிய பெருக்கெண்களையும் எளிமை கருதி விட்டுவிட்டேன். பொறியியல் மாணவர்கள் இக்கணக்கைத் திருத்தமாகச் செய்து பார்க்கலாம். ஆனால் முப்பது நாற்பது ஆண்டு மழையில் ஊறிய காரையை நம்பி உயரத்தைக் கூட்டுவது அறிவுடைமை ஆகாது.

சுவர் நாலரை அங்குலத் தடிப்பானால் நிலைமை இன்னும் மோசம். எடையும் பாதி, நெம்பு தூரமும் பாதி. ஆகவே தாங்கும் திறன் கால் பங்கு. இடையிடையே கட்டிய தூண்களாலும் காரையின் பிடிப்பாலுமே அத்தகைய சுவர் நிற்கிறது. அதன் தலையில் எதையும் ஏற்றக் கூடாது.

எங்கள் வீட்டில் முழுச் சுவரும் விழவில்லை, மேல் மூன்று வரிசை மட்டுமே பெயர்ந்தது. அதற்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. மூன்று வரிசைக் கல்லின் எடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோதான். அதன் தாங்கும் திறன் 11. இரண்டடிப் பலகை மீது மோதிய காற்று, அந்த மூன்று வரிசையின் அடியைப் பற்றிக் கவிழ்க்கும் திறனோ 18. தச்சர் ஆணியை உறுதியாகவே அடித்திருந்தார். அவர் ஆணி அடித்த கல்தான் எடையற்றது. தலைப்பாகையில் கயிறு கட்டி ஆளை இழுக்க முடியுமா? தலைப்பாகைதான் கழன்று வரும்.

முதலில் ஒரு நூல் எடுங்கள்

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. பார்ப்பவர் நிற்கும் இடத்தில் கண் உயரத்திலிருந்து, மறைக்க வேண்டிய இடத்தில் நிற்பவரின் தலை உயரம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் சுவருக்கு நேரே எந்த உயரத்தில் செல்கிறதோ, அதற்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் பின்னர் இவ்வாறு பார்த்தோம். தாழ்வாரத்தில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏழரை அடி. அவர் சுவருக்குப் பத்தடி அப்பால் நிற்கிறார். கொடியடியில் அக்காள் நிற்பது சுவருக்கு ஆறடி இப்பால். உயரம் ஐந்தரை அடி. நூல் சுவரைக் கடந்த உயரம் ஆறடி மூன்று அங்குலம். துவைக்கும் கல்லில் அமர்ந்திருப்பவரை ஐந்தடிச் சுவரே மறைத்து விடுகிறது! ஆகவே முப்பதடிச் சுவர் முழுவதற்கும் மறைப்பு தேவையில்லை. கொடிக்கு நேரே பன்னிரண்டு அடி நீளம் போதும் என்று கண்டோம். முதலில் செலவிட்ட பணத்தில் பாதிக்கு மேல் வீண்.

இதே நூல் இன்னோர் உண்மையையும் காட்டும். எதிரே மூன்றாம் மாடியிலிருந்து பார்ப்பவர்களை எந்தச் சுவராலும் மறைக்க முடியாது. அங்கே தேவைப்படுவது தலைக்கு மேல் ஒரு பந்தலே.

சுவரைச் சோதித்தல்

அடுத்தபடி சுவரை ஆராய வேண்டும். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் சாய்வு தெரியும். ஒரு சாவியால் காரையைச் சுரண்டுங்கள். மணலாக உதிர்ந்தால் அது இறந்த காரை. படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் கடைக்கால் இறங்கியதைக் காட்டும். மறுபுறம் மண் உயர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு புறத்தில் மண் தாங்கும் சுவர் எல்லைச் சுவர் அன்று. அதன் வேலையே வேறு. மழைக்காலத்தில் அந்த மண் நீரை உண்டு கனத்துச் சுவரைத் தள்ளும். நீர் வடியத் துளைகள் இல்லாவிட்டால் ஆபத்து பன்மடங்காகும்.

புனேயின் நிலம் இரு வகைப்பட்டது. மேட்டுப் பகுதிகளில் சிறிது தோண்டினாலே ‘முரூம்’ என்னும் சிதைந்த கல்மண்ணும் கருங்கற்பாறையும் வரும். தாழ்ந்த பகுதிகளில் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற கறுப்பு மண். அது மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கரிசலில் நிற்கும் சுவர் ஆண்டுதோறும் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அங்கே கடைக்காலும் கம்பக் குழியும் கரிசலைக் கடந்து கீழுள்ள உறுதி மண்ணைத் தொட வேண்டும்.

கம்பம் நிலத்தில், தட்டி கம்பத்தில்

சரியான முறை என்ன? விடை எளியது: மறைப்பைச் சுவரின் மேல் ஏற்றாதீர்கள், சுவரின் அருகில் நிறுத்துங்கள். நம் பக்கத்து நிலத்திலேயே கம்பங்களை நட்டு, சுவருக்கு மேல் தலை நீட்டும் பகுதியில் மட்டும் தட்டியைப் பொருத்த வேண்டும். காற்றின் விசை முழுவதும் கம்பத்தின் வழியே நிலத்துக்குப் போய்விடும். சுவர் தன் பழைய வேலையை மட்டும் பார்க்கும்.

தரைக்கு மேல் ஏழடி வேண்டுமானால் கம்பம் பத்தடி இருக்கட்டும், மூன்றடி மண்ணுக்குள். கம்பத்துக்குக் கம்பம் ஆறடி இடைவெளி. இந்த இடைவெளியில் இரண்டடித் தட்டி மீது மோதும் காற்று ஏறக்குறைய 60 கிலோ எடையாகும். அதை நான்கங்குலச் சதுரத் தேக்குக் கம்பம் தாராளமாகத் தாங்கும். மூன்றங்குலக் கம்பம் போதாதா என்று கேட்கலாம். வளைவைத் தாங்கும் வலிமை கம்பத்தின் கனத்தில் மும்மடியாக ஏறி இறங்கும். நான்கை மூன்றாகக் குறைத்தால் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். அங்குலக் கணக்கில் மிச்சம் பிடிப்பது நல்லதன்று.

குழி தோண்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். சுவரை ஒட்டி நீளமாகப் பள்ளம் வெட்டினால் கடைக்காலின் பிடி தளர்ந்துவிடும். தனித்தனிக் குழியாக, ஒன்றை மூடிய பின் அடுத்ததைத் தோண்ட வேண்டும். கடைக்கால் எவ்வளவு அகலமாக வெளியே நீள்கிறது என்று பார்த்து அதை வெட்டாமல் விலகித் தோண்டுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். தை, மாசி மாதங்களே ஏற்றவை.

நிலத்தில் நட இடமே இல்லை, தளம் போட்ட கொல்லை என்பவர் உண்டு. அவர்கள் சுவரையே நம்புவதானால், கம்பம் சுவரின் உச்சியில் தொங்காமல் அடி வரை இறங்கி, பல இடங்களில் பிடிக்கப்பட வேண்டும். அப்போதும் விசை சுவருக்கே போகிறது என்பதை மறத்தலாகாது. ஆகவே அது பொறியாளர் ஒருவர் சுவரைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே செய்யத்தக்க வேலை.

காற்றுக்கு வழி விடுங்கள்

தட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இடைவெளி இல்லாத பலகை காற்றுக்குப் பாய்மரம். நம் ஊர் மூங்கில் தட்டியையும் கிடுகையும் பாருங்கள். அவை மறைக்கும், ஆனால் மூச்சு விடும்.

மரத்தில் இதைச் செய்ய ஓர் எளிய உபாயம் உண்டு. குறுக்குச் சட்டத்தின் இந்தப் பக்கத்தில் நான்கங்குல அகலச் செங்குத்துப் பட்டிகளை, மூன்றங்குல இடைவெளி விட்டு வரிசையாக அடியுங்கள். அந்தப் பக்கத்தில் அதே பட்டிகளை, இந்தப் பக்கத்து இடைவெளிகளுக்கு நேராக அடியுங்கள். ஒவ்வொரு பட்டியும் எதிர் இடைவெளியை மூடி, இருபுறமும் அரை அங்குலம் மிகும். நேரே பார்க்கும் கண்ணுக்கு இது முழுச்சுவர். காற்றுக்கோ நூறு வாயில். சட்டத்தின் கனத்தினூடே காற்று வளைந்து புகுந்து போய்விடும், பார்வை வளையாது. கண்ணும் காற்றும் வேறு வேறு வழியில் செல்வன என்பதே இவ்வேலையின் இரகசியம்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தட்டிக்கு முன்புறம், பின்புறம் என்ற வேற்றுமை இல்லை. வழக்கமான வேலையில் வழுவழுப்பான முகம் நமக்கும், சட்டமும் ஆணி முனையும் தெரியும் முதுகு அண்டை வீட்டாருக்கும் போய்ச் சேரும். இங்கே இரு வீட்டாருக்கும் ஒரே முகம்.

பட்டிகளைப் படுக்கையாக அடிப்பதைவிட நிறுத்தி அடிப்பதே மேல். மழைநீர் தங்காது வடியும். குழந்தைகள் ஏணியாக்கி ஏற மாட்டார்கள். தட்டிக்கும் சுவர் உச்சிக்கும் நடுவே இரண்டங்குலம் விட்டால் சருகும் ஈரமும் சேரா. கொடி படர விடும் ஆசை பலருக்கு உண்டு. அடர்ந்த கொடி காற்றுக்கு விட்ட வழியை எல்லாம் அடைத்து, தட்டியைத் திரும்பவும் பாய்மரமாக்கி விடும். படர விட்டால் ஆண்டுதோறும் மழைக்கு முன் கழித்து விடுங்கள்.

மரம் எங்கே சாகிறது?

மண்ணில் நட்ட கம்பம் எங்கே முதலில் உளுக்கும்? ஆழத்தில் என்று பலர் எண்ணுவர். உண்மையில் மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்திலேதான். மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. மேலே ஈரம் குறைவு. தரைமட்டத்தில் இரண்டும் நிறைவு. புனேயின் மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து தீர்வது. அந்த நான்கு மாதமும் கம்பத்தின் கழுத்து ஈரத்திலேயே நிற்கும். கறையானும் அங்கேதான் ஏறும்.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி சிறந்தது. நம் ஊர்த் திண்ணைத் தூண்களை நினைத்துப் பாருங்கள். மரத்தூண் மண்ணைத் தொடுவதில்லை. ஒரு கல்லின் மேல் நிற்கும். இந்தப் புனே நகரத்துப் பழைய வாடாக்களிலும் இதே முறைதான். சனிவார் வாடாவுக்கு 1730ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டினார். அதன் கோட்டைச் சுவரில் கீழே கல், மேலே செங்கல். உள்ளே எழுந்த மாளிகைகளில் தேக்குமரம். கல் ஈரத்தைத் தாங்கிற்று, மரம் உயரத்தைத் தாங்கிற்று. 1828இல் பற்றிய பெருந்தீ மரத்தை எல்லாம் தின்றது; கல்லும் செங்கல்லும் இன்றும் நிற்கின்றன. மரத்தின் எழிலை முழுமையாகக் காண விரும்புவோர் இரண்டாம் பாஜிராவ் கட்டிய விச்ராம்பாக் வாடாவின் முகப்பைச் சென்று பார்க்கலாம்.

நாமும் அதே நெறியைப் பின்பற்றலாம். குழியில் கான்கிரீட் இட்டு, அதில் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியைப் பதித்து, அதன் மேல் தரையைத் தொடாமல் மரக்கம்பத்தைத் திருகாணி கொண்டு பிணைப்பதே உத்தமம். மண்ணிலேயே நடுவதானால் குழியின் அடியில் அரையடி ஜல்லி இட்டு, கம்பத்தின் அடிப்பகுதிக்குத் தார் பூசி, மேலே கான்கிரீட்டைச் சரிவாக முடித்து நீர் வழிந்தோடச் செய்ய வேண்டும். கம்பத்தின் தலையையும் சரிவாக வெட்டுங்கள். மரம் நீர் குடிப்பது வெட்டு முனையின் வழியேதான்.

மரத்துக்கு மருந்தூட்டும் கலையில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புக்களைச் சேர்த்து மரத்தினுள் செலுத்தும் முறையை 1933ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம் என்னும் இந்தியர். உலகமெங்கும் தந்திக் கம்பங்களும் வேலிக் கம்பங்களும் இம்மருந்தால் நீண்ட ஆயுள் பெற்றன. ஆர்செனிக் நஞ்சு என்பதால், 2003ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் இதைச் செலுத்துவதைக் கைவிட்டனர். ஆகவே குழந்தைகள் விளையாடும் கொல்லைக்கு வாங்கும்போது என்ன மருந்து ஊட்டியது என்று கேட்டு வாங்குங்கள். அத்தகைய மரத்துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது.

மரம் வாங்கப் பவானி பேட்டையின் மரச்சந்தைக்குச் செல்லலாம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு நன்கு உலர்ந்தது, முறுக்கிக்கொள்ளாது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இங்கே ‘நீலகிரி’ என்று கேட்டால் நம் மலையை எண்ணிக் குழம்பாதீர்கள். தைல மரத்துக்கு மராட்டியர் வைத்த பெயர் அது. விலை குறைவு, ஆயினும் பிளக்கும் இயல்புடையது. சாதாரண இரும்பாணியைத் தேக்கில் அடித்தால் மழையில் கறுப்புக் கண்ணீர் வடியும். துருப்பிடிக்காத திருகாணியே வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுவர் யாருடையது என்பது முதற் கேள்வி. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது. பொதுச்சுவரானால் அண்டை வீட்டாரின் ஒப்புதலும் தேவை. கூட்டுக் குடியிருப்பானால் சங்கத்தையும், உயரம் கூட்டுவதானால் மாநகராட்சியையோ கண்டோன்மென்ட் வாரியத்தையோ கேட்டறிய வேண்டும்.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு எல்லைச் சுவருக்குப் பொதுவாக ஒன்றரை மீட்டர் உயரமே வகுத்திருக்கிறது. 2.4 மீட்டர் வரை உயர்த்தலாம். ஆனால் மேலுள்ள 0.9 மீட்டர் திறந்த அமைப்பாக இருத்தல் வேண்டும் என்கிறது. நாம் காற்றுக் கணக்குப் போட்டுக் கண்ட அதே முடிவைச் சட்டமும் சொல்கிறது அன்றோ?

மறைவை விரும்புவது புதிய நாகரிகமும் அன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 18ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: அண்டை வீட்டாரின் மறைவைக் கெடுக்கும் வகையில் புதிய சாளரம் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அவ்வழக்கத்தையே உரிமையாகக் கொள்ளலாம் என்கிறது. மேலும் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. அக்காளின் குறை நியாயமான குறைதான். நான் கண்ட பரிகாரம்தான் நியாயமற்றது.

மறுபுறம் இருப்பவர் யார்?

இறுதியாக ஒன்று. இது வெறும் தச்சு வேலை என்று கருதுவோருக்கு 2019ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் விடியுமுன், இதே புனேயின் கோந்துவா பகுதியில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் கனமழையில் இடிந்தது. சுவருக்கு மறுபுறம் தகரக் கொட்டகைகளில் உறங்கிய கட்டிடத் தொழிலாளர் குடும்பங்களில் குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் மாண்டனர். மூன்று நாள் கழிவதற்குள் ஆம்பேகாவில் இன்னொரு சுவர் இடிந்து ஆறு பேர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், இருபதடி அளவு உயர்ந்து நின்ற ஒரு தனியார் சுவர் மழையில் சரிந்து கீழிருந்த வீடுகளின் மேல் விழுந்தது. பதினேழு பேர் உறக்கத்திலேயே உயிர் நீத்தனர். அத்தனை பேரும் தலித் மக்கள். தங்களைக் கண்ணில் படாமல் மறைக்க எழுந்த சுவர் அது என்று அவ்வூர் மக்கள் சொன்னார்கள். தீண்டாமைச் சுவர் என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

இந்த மூன்று இடத்திலும் விழுந்தது மரத்தட்டி அன்று, பெருஞ்சுவர். நீரும் மண்ணும் உயரமும் செய்த வேலை அது. ஆயினும் அடிப்படைப் பிழை ஒன்றுதான். சுவர் எழுப்பியவர்கள் தம் பக்கத்திலிருந்து மட்டும் அதைப் பார்த்தார்கள். சுவர் என்றும் விழுவது ஒரு பக்கமாக. அந்தப் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதைக் கட்டியவர் அல்லர்.

எங்கள் கொல்லையில் இப்போது மூன்று கம்பங்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் பன்னிரண்டடித் தட்டி. பெயர்ந்த மூன்று வரிசைக் கல்லைக் கொத்தர் புதுக் காரையில் வைத்துக் கட்டினார். தட்டியின் வரைபடத்தை முதலில் காட்டியது ஆஜியிடம்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்து, “என் பக்கமும் இதே போலத்தான் இருக்குமா?” என்று கேட்டார். “இதே போலத்தான், ஆஜி” என்றேன். ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அக்காள் பகலிலேயே துணி உலர்த்துகிறாள். ஆஜி அதே இடத்தில் பாய் விரித்து வடகம் காய வைக்கிறார்.

நண்பர்களே, மறைவு வேண்டுமானால் மறையுங்கள். அது உங்கள் உரிமை. ஆணி அடிக்கும் முன்னே ஒரு முறை சுவரைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.